வண்டி எத்தனை மணிக்கு வரும்?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 37. கணவரைப் பிரிந்து மகளோடு வாழ்கிறேன். நான்கு மாதத்துக்கு முன்னால் ஷிப்மென்ட் நெருக்கடியில், தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் பெண்களை இரவு ஒன்பதரை வரை நிறுத்தி வைத்தார்கள். வழக்கமாக வரும் வண்டியை எட்டு மணிக்கே அனுப்பிவிட்டார்கள். எட்டுப் பேர் இருட்டில் பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போனார்கள். அடுத்த வாராந்திரக் கூட்டத்தில், "வண்டி இல்லாமல் எப்படி சார் நிறுத்தி வைக்கலாம்?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, உண்மைதான். மேனேஜர் சிரித்துக்கொண்டே, "வந்துட்டாங்கப்பா சொர்ணாக்கா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர். ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் நான் எதைப் போட்டாலும் அந்த ஸ்டிக்கர்தான் பதிலாக வருகிறது. போன மாதம் ஒரு சூப்பர்வைசர், "புருஷனை விட்டுட்டு இருக்கிற பொம்பளை, ஒரு மாதிரிதான்" என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். என்னோடு சாப்பிட உட்காரும் பெண்கூட இப்போது வேறு மேஜைக்குப் போய்விட்டாள். அம்மா, "வாயை அடக்கு, எல்லாம் சரியாகும்" என்கிறார். நான் பேசாமல் இருந்தால் இது நின்றுவிடுமா? நான் ஒன்றும் பஜாரி இல்லை என்று இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதலில் ஒன்று கேட்கிறேன். அந்த எட்டுப் பேருக்கும் இப்போது வண்டி வருகிறதா?

கடிதத்தில் அதற்குப் பதில் இல்லை. நான்கு மாதம் ஆகிவிட்டது. உங்கள் குரல், உங்கள் மணவாழ்க்கை, உங்கள் பக்கத்தில் யார் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் அந்த ஆபீஸில் பேசப்பட்டுவிட்டது. வண்டியைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. உங்கள் கடிதத்திலும் அது இரண்டு வரிக்குப் பிறகு காணாமல் போய்விட்டது. உங்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பெயரின் வேலையே அதுதான் என்று காட்டச் சொல்கிறேன். கேள்வி கேட்டவளுக்கு ஒரு பெயரை ஒட்டிவிட்டால் அவள் அந்தப் பெயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள், கேட்ட கேள்வி அநாதையாக நிற்கும். மேனேஜர் ஒரு வரியில் அதைச் செய்துவிட்டார். அவர் திட்டம் போட்டுச் செய்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பதில் சொல்ல முடியாத நேரத்தில் வாயில் தயாராக இருந்த சொல் அது.

அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 2003இல் வந்த ஒரு படத்தின் வில்லி சொர்ணாக்கா. அடியாட்களை வைத்துக்கொண்டு ஊரையே மிரட்டுகிற பாத்திரம். நீங்கள் கேட்டது ஒரு வேன். இரண்டுக்கும் உள்ள ஒரே ஒற்றுமை, ஒரு பெண் சத்தமாகப் பேசியது. அதே கூட்டத்தில் கட்டிங் மாஸ்டரோ சரக்கு வாங்க வரும் பையரோ மேஜையைத் தட்டிப் பேசினால் அவர் "கறாரான ஆள்". இப்படிப் பெயர் வைக்க வசைச்சொல்கூடத் தேவையில்லை, மரியாதையான சொல்லே போதும். உங்கள் பக்கத்தில் கடைக்காரரிலிருந்து கண்டக்டர் வரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த அன்பான சொல்லைத்தான் இப்போது "போராளி அக்கா", "பெண்ணிய அக்கா" என்று நக்கலுக்குப் பிடித்துக்கொண்டார்கள். போராளி என்பது தியாகிக்குக் கொடுத்த பட்டம். இன்று அலுவலகக் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று ஒரு பெண் கேட்டால் அவளை வாயடைக்க அதே பட்டத்தைக் கொடுக்கிறார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்வியில் என்னால் சட்டென்று கடந்து போக முடியவில்லை. "நான் ஒன்றும் பஜாரி இல்லை" என்கிறீர்கள்.

என் அம்மா பஜாரி. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. கொத்தவால் சாவடியில் வாசல் ஓரமாகக் கீரை விற்றார். 1996இல் மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போனபோது அவரும் கூடையோடு அங்கே போனார். விடிகாலை மூன்று மணிக்கு மண்டியில் கட்டு எண்ணும்போது கமிஷன்காரர் இரண்டு கட்டைக் குறைத்தால் கத்துவார். தண்டல்காரர் கணக்கை மாற்றிச் சொன்னால் தெருவே கேட்கிற மாதிரி கணக்கைத் திருப்பிச் சொல்வார். அந்தக் குரல் இல்லாவிட்டால் நான் சட்டக் கல்லூரிக்குப் போயிருக்க முடியாது. ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் ஏதோ தகராறு வந்தபோது உறவுக்காரர் ஒருவர் அம்மாவைப் பார்த்து, "பஜாரித்தனத்தை இங்கே காட்டாதே" என்றார். அம்மா பேசாமல் எழுந்துவிட்டார். எனக்கு அப்போது பதினாறு வயது. அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அம்மாவின் சத்தத்தை நினைத்துத்தான் வெட்கப்பட்டேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பஜாரி என்றால் பஜாரைச் சேர்ந்தவள், அவ்வளவுதான். கடைவீதியில் நின்று தானே சம்பாதித்து, தானே பேரம் பேசுகிற பெண். அந்தத் தொழிலைத்தான் வசையாக்கினார்கள். "மீன்காரி மாதிரி கத்தாதே" என்பதும் அப்படித்தான். குழாயடிச் சண்டை என்று கேலியாகச் சொல்கிறோமே, தெருக்குழாயில் மணிக்கணக்காக நின்ற பெண்கள் எதற்காகச் சண்டை போட்டார்கள்? எட்டுக் குடம் தேவைப்பட்ட வீட்டுக்கு மூன்று குடம்தான் வந்தது. தண்ணீர் விடாத நகராட்சியை யாரும் கேலி செய்யவில்லை, குடத்தோடு நின்றவளுக்குத்தான் பெயர் கிடைத்தது. அதனால் "நான் பஜாரி இல்லை" என்று நிரூபிக்கப் போகாதீர்கள். அப்படிச் சொல்லும்போது, பஜாரியாக இருந்தால் அவளை அடக்கலாம் என்று நாமே ஒப்புக்கொள்கிறோம்.

இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் மனம் கனத்துப் போகும். அடங்காப்பிடாரி என்று திட்டுகிறோம். பிடாரி ஊரைக் காக்கிற தெய்வம், சோழர் கல்வெட்டுகளில் பிடாரி கோயில்கள் வருகின்றன. மூதேவியைக் காஞ்சி கைலாசநாதர் கோயிலில் சிற்பமாகவே பார்க்கலாம், பல்லவர் காலத்தில் வணங்கப்பட்ட மூத்த தேவி அவள். தேவரடியார் என்ற பெயரில் கோயிலுக்கு நிலமும் பொன்னும் கொடுத்த பெண்களைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. அந்தச் சொல் தேய்ந்து இன்று தெருவில் என்னவாகப் புழங்குகிறது என்பதை நான் எழுத வேண்டியதில்லை. உங்கள் சூப்பர்வைசர் "ஒரு மாதிரி" என்று சுற்றி வளைத்துச் சொன்னதும் அதைத்தான்.

நூறு வருடத்துக்கு முன்னால் இதே தந்திரத்தை நேருக்கு நேர் சந்தித்த ஒரு பெண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசிக் குடும்பத்தில் பிறந்தவர், பெரிய பாடகி, சென்னையில் வாழ்ந்தவர். 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய அரசவையில் இருந்த முத்துப்பழனி என்ற பெண் கவிஞர் தெலுங்கில் எழுதிய ராதிகா சாந்த்வனம் என்ற காவியத்தை அவர் தேடிப் படித்தார். அச்சில் கிடைத்த பதிப்பில் பல பாடல்கள் வெட்டப்பட்டிருந்தன. முத்துப்பழனி தன்னைப் பற்றியும் தன் பாட்டியைப் பற்றியும் பெருமையாகச் சொன்ன பகுதியும் அதில் இல்லை. சுவடியைத் தேடிப் பிடித்து 1910இல் முழு நூலையும் பதிப்பித்தார். தெலுங்கு இலக்கிய உலகின் பெரிய மனிதரான கந்துகூரி வீரேசலிங்கம், முத்துப்பழனியை நடத்தை கெட்டவள் என்றே எழுதியிருந்தார். சிருங்காரத்தை ஒரு பெண் இப்படி எழுதலாமா என்பது அவருடைய ஆட்சேபம். அவர் கெட்ட மனிதர் இல்லை. விதவை மறுமணத்துக்காக ஊர்ப்பகை தேடிக்கொண்டவர். நல்ல மனிதர்கள் வாயிலிருந்தும் இந்தப் பெயர்கள் வரும் என்பதால்தான் அவற்றை எதிர்ப்பது இவ்வளவு கடினமாக இருக்கிறது.

நாகரத்தினம்மாள் என்ன செய்தார் பாருங்கள். முத்துப்பழனி ஒழுக்கமானவள் என்று சாட்சி தேடவில்லை. முத்துப்பழனியைப் போலத் தானும் தேவதாசிக் குலத்தில் பிறந்ததை மறைக்கவில்லை. கூச்சம், நாணம் எல்லாம் பெண்ணுக்கு மட்டுமா, ஆணுக்கு இல்லையா என்று கேட்டார். ஆண்கள் எழுதிய சிருங்கார நூல்களை இதே மனிதர் ஏற்றுக்கொண்டதைச் சுட்டிக்காட்டினார். 1911இல் ஆங்கில அரசு நூலைத் தடை செய்தது, பிரதிகளைப் பறிமுதல் செய்தது. 1947இல் தடை விலகியது. அப்போதும் அவர் உயிரோடு இருந்தார். அதற்குள் திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைத் தன் சொத்தைப் போட்டு எடுத்துக் கட்டி, ஆராதனையில் பெண்களும் பாட வழி செய்திருந்தார். அவர் மேல் ஒட்டிய பெயர்கள் எதையும் உரித்து எடுக்க அவர் நேரம் செலவழிக்கவில்லை.

உங்கள் தோழி மேஜை மாறியதைப் பற்றி ஒரு வார்த்தை. கோபப்படாதீர்கள். "சொர்ணாக்கா" என்று உங்களைப் பார்த்துச் சொன்னாலும் அது அவளுக்கும் விழுந்த அடிதான். நாளைக்கு நீ கேட்டாலும் உனக்கும் ஒரு பெயர் தயாராக இருக்கிறது என்று அந்த அறையில் இருந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் புரிந்திருக்கும். உங்கள் அம்மாவுக்கும் அது வாழ்நாள் முழுக்கப் புரிந்த விஷயம், அதனால்தான் வாயை அடக்கச் சொல்கிறார். அவர் பயத்தை மதியுங்கள். ஆனால் பேசாமல் இருந்தால் நிற்குமா என்று கேட்டீர்களே, நிற்காது. நான் பார்த்த வரையில் பெண் ஒதுங்கிப் போனால் பெயர் ஒதுங்கிப் போவதில்லை. அது வேலை செய்கிறது என்று தெரிந்ததால் அடுத்தவள் மேலும் ஒட்டுகிறார்கள்.

அப்புறம், அன்று நீங்களும் சிரித்ததை நினைத்து நொந்துகொள்ளாதீர்கள். இருபது பேர் சிரிக்கும்போது உடம்பு தானாகச் செய்கிற காரியம் அது. விசாரணைக் குழுக்களில் வெளி உறுப்பினராகப் பல வருடங்கள் உட்கார்ந்திருக்கிறேன். "அவங்களே சிரிச்சாங்களே மேடம்" என்பது அநேகமாக ஒவ்வொரு எதிர்மனுவிலும் வரும். சிரிப்பு சம்மதம் ஆகாது.

இனி சட்டம். உங்களுக்கு நடந்தது ஒன்றல்ல, இரண்டு. இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதாதீர்கள்.

முதலாவது வண்டி. தொழிற்சாலையில் பெண்கள் இரவு வேலை செய்யக் கூடாது என்ற பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் செல்லாது என்றது. ஆனால் பெண்களை இரவில் வேலைக்கு வைத்தால் போக்குவரத்து, பாதுகாப்பு ஆகியவற்றை நிர்வாகம் உறுதி செய்ய வேண்டும் என்று நிபந்தனைகளும் விதித்தது. ஆக, நீங்கள் கேட்டது சலுகை இல்லை. இதை நிர்வாகத்துக்கு ஒரு பக்கக் கடிதமாக எழுதுங்கள். தேதி, எத்தனை பேர், எத்தனை மணி வரை நிறுத்தினார்கள், வண்டி எப்போது போனது. கோபமான வார்த்தை ஒன்றும் வேண்டாம். செக்கிங் பெண்களில் கையெழுத்துப் போட முடிந்தவர்கள் போடட்டும், பயப்படுகிறவர்களை வற்புறுத்தாதீர்கள். யாரும் போடவில்லை என்றால் உங்கள் கையெழுத்து ஒன்றே போதும்.

இரண்டாவது, பேச்சு. இதில் உங்களிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். "சொர்ணாக்கா" என்று கூப்பிட்டதை மட்டும் வைத்துக்கொண்டு பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டத்தின் கீழ் போனால் நிற்பது கஷ்டம். 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாலியல் தன்மை கொண்ட, நாம் விரும்பாத சொல்லையும் செயலையும்தான் பிடிக்கிறது. ஆனால் "புருஷனை விட்டுட்டு இருக்கிறவள், ஒரு மாதிரி" என்பது அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது என்பது என் கருத்து. அதைப் புகாரின் மையமாக வையுங்கள். நான்கு மாதமாக நடந்த கேலியை அதன் பின்னணியாகச் சொல்லுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் உள் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். உங்கள் கம்பெனியில் குழுவே இல்லை என்றால் மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவுக்கு எழுதலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம், ஆனால் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். போன மாதம் நடந்தது என்கிறீர்கள், நேரம் இருக்கிறது.

விசாரணையைத் தொண்ணூறு நாளில் முடிக்க வேண்டும். நடக்கும்போது, நீங்கள் எழுதிக் கேட்டால், உங்களையோ அவரையோ வேறு இடத்துக்கு மாற்றவோ, உங்களுக்கு மூன்று மாதம் வரை விடுப்பு தரவோ குழு பரிந்துரைக்கலாம். உங்கள் பெயரை வெளியிடக் கூடாது. சமரசம் பேசலாமா என்று கேட்டால், நீங்கள் விரும்பினால் மட்டும்தான், அதிலும் பணம் பேசவே கூடாது. காவல் நிலையம் போவதும் உங்கள் உரிமை. பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு பேசுவது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 79ஆம் பிரிவில் வருகிறது, மூன்று வருடம் வரை சிறை உண்டு. ஆனால் முதலில் குழு, அது சரியாக நடக்கவில்லை என்றால் மற்றது என்பதே உங்கள் நிலைமைக்கு என் யோசனை. 181 என்ற எண்ணில் எந்த நேரமும் பெண்களுக்கான உதவி கிடைக்கும்.

வாட்ஸ்அப் குழுவிலிருந்து கோபத்தில் வெளியேறிவிடாதீர்கள். குழுவின் பெயரும் தேதியும் அனுப்பியவர் யார் என்பதும் தெரிகிற மாதிரி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஆபீஸ் போனில் வைக்காமல் உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பி வையுங்கள். சூப்பர்வைசர் பேசியதை உங்களிடம் வந்து சொன்னவர் யார், என்றைக்கு, அவர் சொன்ன வார்த்தைகள் என்ன என்பதை இன்றே ஒரு நோட்டில் எழுதுங்கள். மறந்துவிடும், நம்புங்கள்.

குழுவில் இருப்பவர்களே இதெல்லாம் கேலிப் பேச்சுதானே என்று தட்டிக் கழிக்கலாம். அப்போது ஒன்றைச் சொல்லுங்கள். உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் நீதிபதிகளுக்கும் வழக்கறிஞர்களுக்கும் ஒரு கையேடு வெளியிட்டது. பெண்களைப் பற்றிய எந்தெந்த முத்திரைச் சொற்களைத் தீர்ப்பிலும் மனுவிலும் எழுதக் கூடாது, பதிலாக எப்படி எழுதலாம் என்று அதில் பட்டியலே இருக்கிறது. எங்கள் தொழிலுக்கு அது தேவைப்பட்டது. நான் படித்த விவாகரத்து மனுக்களில் "எதிர்மனுதாரர் அடக்கமில்லாதவர், வாய்த்துடுக்கானவர்" என்ற வரி அச்சடித்த மாதிரி வரும். அடி வாங்கியதை அந்தப் பெண் சொன்னாள் என்பதுதான் பல நேரம் அந்த வாய்த்துடுக்கு. சொல் சாதாரணம் என்றால் நாட்டின் பெரிய நீதிமன்றம் அதற்காகக் கையேடு போட்டிருக்காது.

கடைசியாகக் கூட்டம். மறுபடியும் அந்தப் பெயரைச் சொல்வார்கள், அதற்குத் தயாராகப் போங்கள். சிரிக்க வேண்டாம், அழ வேண்டாம், "என்னை அப்படிக் கூப்பிடாதீர்கள்" என்று அங்கே வாதிடவும் வேண்டாம். அதற்குப் புகார் இருக்கிறது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, "பேர் எதுவா வேணாலும் இருக்கட்டுங்க சார், வண்டி எத்தனை மணிக்கு வரும்?" என்று கேளுங்கள். வேறு பேச்சு எடுத்தால் திரும்ப அதே கேள்வி. குரல் உயர்ந்தால் உயரட்டும், அதற்காக மன்னிப்புக் கேட்காதீர்கள். வீட்டில் மகளை எதிரே உட்கார வைத்து இரண்டு தடவை சொல்லிப் பாருங்கள். அவளுக்கும் காதில் விழட்டும்.

வண்டிக் கடிதத்தைக் கூட்டத்துக்கு முந்தின நாளே கொடுத்துவிடுங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றில் பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் அங்கேயே வாக்குவாதம் செய்யாமல் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.